மழைக்கு வரும் ஆயா... கையில் ஓர் உப்பு மூட்டை!

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் நேரம். திண்டிவனத்தில் இருக்கும் அந்த வீட்டில் யாராவது ஒருவர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ‘‘மழை வரப்போவுது... ஆயா வந்துடும்’’ என்பார்கள். அடுத்த வாரமே மரக்காணம் பஸ்ஸிலிருந்து ஆயா இறங்கிவிடுவார்.

இடது கையில் ஒயர் கூடை. அதில் இரண்டு புடவை, ஒரு துண்டு, பி.பி மாத்திரை, செல்போன் சார்ஜர். வலது கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் பழைய துணியில் இறுக்கிக் கட்டிய மூன்று சிறு மூட்டைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ கல் உப்பு. மூத்த மகன் வீட்டுக்கு ஒன்று, மகள் வீட்டுக்கு ஒன்று, சென்னையில் இருக்கும் சின்ன மகன் வீட்டுக்கு ஒன்று.

‘‘உப்பு கடையில கெடைக்காதாம்மா? இதைப் போய் சுமந்துகிட்டு வரியே’’ என்று மூத்த மகன் ஒவ்வொரு வருடமும் கேட்பார்.

‘‘புள்ளைங்க ஊட்டுக்கு வெறுங்கையோட வருவாங்களாடா?’’ என்று ஒவ்வொரு வருடமும் ஆயா அதே பதிலைச் சொல்வார்.

மற்ற வீடுகளில் பாட்டிகள் காதுகுத்து, கல்யாணம், பரீட்சை லீவு என்று பார்த்து வருவார்கள். இந்த ஆயாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. உப்பளத்தில் வேலை நின்றால் வருவார். வேலை தொடங்கினால் கிளம்பிவிடுவார். 66 வயதிலும் அதுதான் அவருடைய காலண்டர்.

மூணு மாசம்... மூணு வீடு!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள், வழியில் சாலையோரம் வெள்ளை வெள்ளையாகக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கி.மீ தூரத்தில் இருக்கிறது. இங்கே 3,000 ஏக்கருக்கும் அதிகமான இடத்தில் உப்பு விளைகிறது. தமிழ்நாட்டில் உப்பு என்றால் முதலில் தூத்துக்குடி, அப்புறம் வேதாரண்யம், அடுத்து மரக்காணம் என்பார்கள்.

ஜனவரியில் பாத்திகளைச் சீர்செய்யும் வேலை தொடங்கும். சேற்றை மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவார்கள். பிறகு உவர்நீரைப் பாய்ச்சி, வெயில் ஏற ஏற உப்பு எடுப்பார்கள். செப்டம்பர் வரை, வானம் விட்டால் அக்டோபர் தொடக்கம் வரை இது நடக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் குளம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை. இந்த மூன்று மாதத்துக்காகத் தமிழக அரசு 2022-ல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தரத் தொடங்கியது.

‘‘அந்தக் காசுல மாத்திரையும் அரிசியும் வாங்கிப்பன். மீதி மூணு மாசத்துக்கு எம் புள்ளைங்க இருக்காங்க’’ என்று சிரிப்பார் ஆயா.

கணவர் இறந்து 14 வருடங்கள் ஆகின்றன. அப்போதிலிருந்து இதுதான் வழக்கம். தீபாவளி வரை திண்டிவனத்தில் மூத்த மகன் வீடு. தீபாவளி முடிந்ததும் புதுச்சேரியில் மகள் வீடு. கார்த்திகை பிறந்தால் சென்னை பெருங்குடியில் சின்ன மகன் வீடு. பொங்கல் நெருங்கும்போது திருவான்மியூரில் பஸ் ஏறி, மறுபடி மரக்காணம். யாரும் பேசி வைத்ததில்லை. அதுவாக அமைந்துவிட்டது.

அயோடின் இல்லாத ஆயா உப்பு!

மூத்த மகன் லாரி ஓட்டுகிறார். அவருடைய மகள் கல்லூரியில் தமிழ் படிக்கிறார். 2024 ஐப்பசியில் ஆயா போனபோது, பேத்தி ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

‘‘ஆயா, உன் ஊரு சங்க இலக்கியத்துலயே இருக்குது தெரியுமா? சிறுபாணாற்றுப்படையில எயிற்பட்டினம்னு ஒரு ஊர் வருது. அது நம்ம மரக்காணம்தான்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க.’’

‘‘அதுல உப்பு வருதா?’’

‘‘உப்பு விக்கிறவங்களும் வராங்க. உமணர்னு பேரு. மாட்டு வண்டியில குடும்பத்தோட ஊர் ஊரா போவாங்களாம். அவங்க வண்டியோட வந்த பெண் குரங்கு, அவங்க குழந்தையோட கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுதாம். அது கொற்கைப் பக்கம்.’’

ஆயா குரங்கைக் கேட்டுச் சிரித்தார். குழந்தையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ‘‘அப்பவே உப்புக்காரங்க புள்ளையக் கூடவே தூக்கிட்டுத்தான் போயிருக்காங்க. உன் சின்ன சித்தப்பன நான் அப்படித்தான் வளத்தன். விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்தா ஊட்டுல யாருகிட்ட வுடறது? முதுகுல கட்டிக்கிட்டு உப்பளத்துக்குப் போயிடுவன். வரப்பு மேல சாக்கை விரிச்சுப் படுக்க வச்சுட்டு வேல பாப்பன்.’’

புதுச்சேரியில் மகள் தையல் வேலை செய்கிறார். அங்கே ஏழாம் வகுப்புப் பேரன். உப்பு மூட்டையை அவன்தான் அவிழ்த்தான். ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ‘‘ஆயா, இதுல அயோடின் இல்ல. இதைச் சமையலுக்குப் போடக் கூடாது. தைராய்டு பிரச்னை வரும்னு எங்க சயின்ஸ் மிஸ் சொன்னாங்க’’ என்றான்.

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ‘‘பெரிய மனுஷன் மாதிரி பேசாதடா’’ என்று அதட்டினார்.

ஆயா கோபப்படவில்லை. ‘‘அவன் சொல்றது சரிதான்டி. நானே பாக்கெட் உப்புதான் சோத்துக்குப் போடறன். இது மீன் கழுவ, ஊறுகாய் போட, நீ வெள்ளிக்கிழமை சுத்திப்போட...’’ என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அயோடின் கலக்காத உப்பை நேரடியாகச் சாப்பிடுவதற்கென்று விற்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். ஆயாவின் கையிலிருந்து போகும் உப்பும், ஆலையில் சுத்தமாகி அயோடின் சேர்ந்த பிறகுதான் சாப்பாட்டுத் தட்டுக்கு வர வேண்டும்.

பேரன் விடவில்லை. ‘‘கடல் தண்ணி ஆவியானா உப்பு படிகமாகும். இதானே ஆயா உன் வேலை?’’

‘‘அவ்ளோ சுளுவா இருந்தா நான் ஏன்டா எழுந்து ஓடறன்? ஒரே பாத்தியில வச்சுக் காய வச்சா கண்டதும் சேந்து வந்துடும். பாத்தி பாத்தியா தண்ணிய மாத்தணும். டிகிரி பாக்கணும். இருவத்தஞ்சு டிகிரிக்கு வந்தாதான் உப்பு உழும். முப்பதுகிட்ட போறதுக்குள்ள மிச்சத் தண்ணிய வெளிய வுட்டுடணும். இல்லன்னா உப்பு கசக்கும்.’’

பேரன் உடனே நோட்டில் எழுதிக்கொண்டான். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன என்று புத்தகத்தில் படித்திருக்கிறான். கசக்கிற மெக்னீசிய உப்புகளை ஒதுக்கத்தான் ஆயா தண்ணீரை வெளியே விடுகிறார் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

‘உப்பு மூட்டை தூக்கு ஆயா!’

சென்னையில் சின்ன மகன் ஏ.சி மெக்கானிக். மருமகள் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர்களுக்கு யூ.கே.ஜி படிக்கும் ஒரு பெண் குழந்தை. ஆயா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் முதுகில் தொங்கும். ‘‘உப்பு மூட்டை... உப்பு மூட்டை தூக்கு ஆயா!’’

போன வருடம் வரை ஆயா தூக்கினார். வரவேற்பறையை இரண்டு சுற்றுச் சுற்றி, ‘‘உப்பே... உப்போய்!’’ என்று கூவி, சோபாவில் ‘மூட்டை’யை இறக்குவார். இந்த முறை குழந்தையைத் தூக்கி நிமிர்ந்தவர், ஒரு அடி வைத்து சுவரைப் பிடித்துக்கொண்டார். முதுகு ஒரு பக்கம். அதைவிட, வலது கண் சரியாகத் தெரியவில்லை. டீப்பாயில் முழங்கால் இடித்துவிட்டது.

மருமகள்தான் முதலில் கவனித்தார். ‘‘அத்த, கண்ணு இப்படிச் செவந்திருக்கே... எத்தனை நாளா இருக்கு?’’

‘‘உப்பு வெளிச்சம் பட்டுப்பட்டு அப்படித்தான்மா இருக்கும். எங்க பக்கத்துல எல்லாருக்கும் உண்டு.’’

அது வெறும் சிவப்பு இல்லை. வெள்ளை விழியிலிருந்து மெல்லிய சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறியிருந்தது. வருடக்கணக்கில் வெயில், காற்று, தூசியில் வேலை பார்க்கிறவர்களுக்கு வரக்கூடிய பிரச்னை. உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டும் அடிக்காது. வெள்ளை உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் கண்ணில் அடிக்கும்.

டாக்டரிடம் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்த வாரத்தில்தான் புயல் வந்தது.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் அன்று இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. சென்னையில் அன்று முழுக்க மழை. விமான நிலையமே மூடப்பட்டது. டி.வி-யில் மரக்காணம் என்று பெயர் வரும்போதெல்லாம் ஆயா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். கண் மங்கலாக இருந்ததால் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார்.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மகள் புதுச்சேரியில் கரன்ட் இல்லாமல் இருந்தார். அங்கே ஒரே நாளில் கிட்டத்தட்ட 48 செ.மீ மழை. அடுத்த இரண்டு நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது.

‘‘நீ இங்க இருந்தது எவ்ளோ நல்லதாப்போச்சு பாரும்மா’’ என்றார் சின்ன மகன்.

‘‘என் ஊடு அங்க இருக்குதேடா’’ என்றார் ஆயா.

மூன்றாம் நாள்தான் பக்கத்து வீட்டம்மா போனில் கிடைத்தார். ‘‘ஊட்டுக்கு ஒண்ணும் ஆவலக்கா. வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துச்சு. பின்னாடி அடுப்பங்கரை ஷீட்டு பறந்துபோச்சு. பாத்தியெல்லாம் ஏரியாட்டம் கெடக்குது. வரப்பே தெரியல. தை பொறந்தாலும் வேலை ஆரம்பிப்பாங்களான்னு தெரியல.’’

போனை வைத்ததும் ஆயா முதன்முறையாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆளுக்கு நாலு மாசம்!

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு ஆயாவை அழைத்துப் போனார்கள். 1819-ல் தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. சிறிய ஆபரேஷன்தான். கண்ணுக்குக் கட்டு, அப்புறம் சொட்டு மருந்து. ‘ஒரு மாதத்துக்கு வெயில், தூசி, தலைச்சுமை கூடாது. அதற்குப் பிறகும் வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். திரும்பவும் வளர வாய்ப்பு இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று இரவு ஆயா தூங்கிவிட்டார் என்று நினைத்து, சின்ன மகன் ஹாலில் உட்கார்ந்து அண்ணனையும் அக்காவையும் வீடியோ காலில் அழைத்தார். பேச்சு மெதுவாகத்தான் தொடங்கியது.

‘‘இனிமே அம்மாவ அங்க அனுப்ப வேணாம்ணா. புயல், கண்ணு... நாளைக்கு விழுந்து கிழுந்து வச்சா யாரு பாக்கறது?’’

‘‘நானும் அதான் சொல்றன். ஆனா நான் பாதி நாள் லாரியில இருக்கன். உங்க அண்ணி ஒருத்தியே...’’

‘‘என் வீட்டுல ஒரே ரூமுதான். ஆனா அம்மாவுக்கு இடமில்லன்னு சொல்லுவனா?’’ என்று அக்கா அழ ஆரம்பித்தார்.

கடைசியில் மூத்தவர் கணக்குப் போட்டார். ‘‘வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம். ஆளுக்கு நாலு மாசம். யாருக்கும் பாரம் இல்ல. ஊட்டை வாடகைக்கு விட்டுடலாம்.’’

யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. மூவருக்கும் அம்மாமீது உயிர். அப்பா குடித்த காலத்தில், அம்மா உப்பு சுமந்த கூலியில்தான் மூவரும் படித்தார்கள், தொழில் கற்றார்கள். இப்போது தங்கள் முறை என்று நினைத்தார்கள். ஆனால், உள்ளே பாயில் படுத்திருந்தவர் தூங்கவில்லை. ஒரு கண்ணில் கட்டோடு விழித்துக் கிடந்தார்.

காலையில் எழுந்து பார்த்தால், ஒயர் கூடை கட்டி வாசலில் இருந்தது. ஆயா குளித்து, தலை சீவி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

‘‘என்னம்மா இது? டாக்டர் ஒரு மாசம்னு சொல்லியிருக்காரே!’’

‘‘ஒரு மாசம் இருக்கன்டா. ஓடிப்போவல. ஆனா நீங்க ஒண்ணு சொல்லணும். ஆளுக்கு நாலு மாசமா பிரிச்சீங்களே... எனக்குன்னு ஒரு மாசம் வுட்டீங்களா?’’

மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

ஆயா சத்தம் போட்டுப் பேசவில்லை. ‘‘மூணு மாசம் வந்து இருக்கன். நீங்களும் ஆசையா பாத்துக்கறீங்க. எனக்கும் நல்லாத்தான் இருக்குது. ஏன் நல்லா இருக்குது? தை பொறந்தா நான் கெளம்பிடுவன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்க என் ஊடு இருக்குது, என் சாவி இருக்குது. நான் சம்பாரிச்ச காசுல பேரப்புள்ளைங்களுக்கு நூறு ரூபா குடுக்கறன். அதை எடுத்துட்டா நான் இங்க வந்து என்னத்தடா பண்ணுவன்? ஊடு ஊடா மாத்தறதுக்கு நான் என்ன உப்பு மூட்டையா?’’

கடைசி வார்த்தையைக் கேட்டதும் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது. ‘‘உப்பு மூட்டையா? யார் தூக்குறா?’’ என்றது.

அழ வேண்டிய இடத்தில் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே மகன் அழுதார்.

பேத்தி சொன்ன தீர்ப்பு

அன்று மாலை திரும்பவும் வீடியோ கால். இந்த முறை ஆயா நடுவில் உட்கார்ந்திருந்தார். பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.

மகன்களின் பயமும் பொய்யில்லை. அறுபத்தாறு வயதில் ஒரு பெண் விடியற்காலை இருட்டில் வரப்புமேல் நடந்து போவதும், தலையில் உப்புக்கூடை சுமப்பதும், கண் ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வெளிச்சத்தில் நிற்பதும் சாதாரண விஷயமில்லை. ‘விருப்பம்’ என்று சொல்லி அப்படியே விட்டுவிடவும் முடியாது. ஆயாவுக்கும் அது தெரியும். பாத்தி அவருடையது இல்லை, கூலிக்குத்தான் போகிறார். வேலை தொடங்கும்போது ஆள் போய் நிற்கவில்லை என்றால், அந்த இடத்துக்கு இன்னொருவர் வந்துவிடுவார் என்பதுதான் அவருடைய அவசரம்.

திண்டிவனத்துப் பேத்திதான் கேட்டார். ‘‘ஆயா, உனக்கு உப்பளத்துக்குப் போகணுமா, சுமக்கணுமா? ரெண்டும் ஒண்ணா?’’

ஆயா யோசித்தார். ‘‘சுமக்கணும்னு எவளுக்கு ஆசை?’’

‘‘அப்ப சுமக்காத வேலை இருக்குதா?’’

‘‘கொட்டகையில உக்காந்து மூட்டை தைக்கற வேலை இருக்குது. பாக்கெட் போடறதும் உண்டு. கூலி கம்மி. ஆனா நெழலு.’’

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆயா மரக்காணத்தில்தான் இருப்பார். தலைச்சுமை கிடையாது, மேஸ்திரியிடம் பேசிக் கொட்டகை வேலை மட்டும். வெளியே வந்தால் கறுப்புக் கண்ணாடி. கூலி குறைவதால், மூவரும் சேர்ந்து மாதம் ஒரு தொகை ஆயாவின் பேங்க் கணக்கில் போடுவார்கள். ‘‘காசு வேணாம்’’ என்ற ஆயாவிடம், ‘‘நீ நூறு ரூபா குடுக்கும்போது நாங்க வாங்கிக்கறோம்ல? நாங்க குடுக்கும்போது நீயும் வாங்கிக்க’’ என்று மகள் வாயை அடைத்துவிட்டார். அடுப்பங்கரை ஷீட்டை மூத்த மகன் மாற்றித் தருவார். தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு போன். எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்கு அடுத்த போன்.

ஆயா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ‘‘நானே வந்துட்டு இருக்கன். நீங்க எப்ப வரீங்க?’’

மூவரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் கடைசியாக ஒன்றாக மரக்காணம் போனது, அப்பாவின் காரியத்துக்கு. பேரன், பேத்தியில் சின்னது இரண்டும் உப்பளத்தைப் பஸ் ஜன்னலில்தான் பார்த்திருக்கிறார்கள்.

காணும் பொங்கலுக்குக் கண்டது!

காணும் பொங்கல் என்றால் பெரியவர்களைப் போய்ப் பார்க்கிற நாள். 2025 ஜனவரி 16-ம் தேதி, மூன்று குடும்பமும் மரக்காணத்தில் இறங்கியது. இரண்டு நாள் முன்பே வந்துவிட்ட ஆயா, வாசலில் கோலம் போட்டு, மீன் குழம்பு வைத்து, கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தார். ‘‘ஆயா, சினிமா ஸ்டார் மாதிரி இருக்க!’’ என்றது சென்னைக் குழந்தை.

சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் உப்பளத்துக்கு நடந்தார்கள். வெள்ளைக் குவியல்கள் இல்லை. புயல் மழையின் தண்ணீர் பாத்திகளில் இன்னும் அங்கங்கே நின்றது. உடைந்த வரப்புகளை நாலைந்து பேர் சேறு வெட்டிப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் நீர்ப்பறவைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் இருக்கும் கழுவேலி ஏரியை 2021-ல் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. 5,151 ஹெக்டேர் பரப்பு. குளிர்காலத்தில் அங்கே வலசை வரும் பறவைகளுக்கு ஆயா வீட்டு அட்டவணை நேர் எதிர். ஆயா ஊரை விட்டுப் போகும் நேரத்தில் அவை ஊருக்கு வரும்.

‘‘எங்க ஆயா உப்பு?’’ என்றான் பேரன் ஏமாற்றத்தோடு.

‘‘இன்னும் தண்ணி வடியணும். தரையை மிதிக்கணும். மாசிக்கு மேல வா, காட்டறன்.’’

சேறு வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். ‘‘யாருக்கா, புள்ளைங்களா?’’

‘‘ஆமாம், எல்லாரும் வந்திருக்காங்க’’ என்றார் ஆயா. அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. அடுத்த பாத்தியில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

வரப்பில் ஓரிடத்தில் ஆயா நின்றார். ‘‘இங்கதான்டா உன்னைப் படுக்க வைப்பன்’’ என்று சின்ன மகனிடம் காட்டினார். அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சாக்கு விரிக்கிற அகலம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர்.

‘‘அப்பா, எனக்குக் கால் வலிக்குது’’ என்று குழந்தை சிணுங்கியது. மகன் குனிந்தார். குழந்தை முதுகில் தாவி ஏறியது. வழுக்குகிற வரப்பில் மகன் தடுமாற, முன்னால் போய்க்கொண்டிருந்த ஆயா திரும்பி, ‘‘கட்டை வெரலை ஊனி நடடா. பாரம் இருக்கும்போது அப்படித்தான் நடக்கணும்’’ என்று சொல்லிக்கொடுத்தார்.

கிளம்பும் நேரம். ஆயாவுக்கு ஒரே தவிப்பு. புது உப்பு இன்னும் விளையவில்லை. பிள்ளைகளை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? உள்ளே போய்ப் பானையைத் துழாவினார். போன வருடத்து உப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. மூன்று துணியில் மூன்று கைப்பிடி. எப்போதும் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு ‘எதுக்கும்மா?’ என்று கேட்கும் பிள்ளைகள், அந்தக் கைப்பிடியை ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை பஸ் முதலில் வந்தது. ஜன்னலில் தலையை நீட்டி, குழந்தை கத்தியது. ‘‘ஆயா, எப்போ வருவ?’’

‘‘மழை வந்தா வரன் கண்ணு. நீ அதுக்கு முன்னாடி வா. மாசிக்கு மேல உப்பு இருக்கும்!’’

பஸ் கிளம்பியது. ஆயா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இரவு எட்டு மணிக்கு, மூன்று வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் போன் அடித்தது.